மறுமலர்ச்சிக் காலத்தில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை

கார்மேகத்துக்கு நாளை மறுநாள் பரமக்குடியில் கல்யாணம். இன்று சாயங்காலம் மதுரைக்கு ஃபிளைட். பெட்டி கட்டியாகிவிட்டது. பெண்ணுக்கு வாங்கிய சென்ட் பாட்டிலைத் துண்டில் சுற்றித் துணிகளுக்கு நடுவில் வைத்தாகிவிட்டது. வளைகுடாவில் அவன் தங்கியிருந்த அல் குசைஸ் கேம்ப்பில் ரூம்காரர்கள் எல்லோரும் கையைக் குலுக்கி, முதுகில் தட்டி, சொல்லக்கூடாத அறிவுரைகளையும் சொல்லி வழியனுப்பிவிட்டார்கள். இவ்வளவும் ஆன பிறகு விடிந்ததும் ஃபோர்மேன் வந்து கதவைத் தட்டினால் அது நல்ல சேதியாக இருக்க வழியில்லை.

ஃபோர்மேன் மலப்புறத்துக்காரர், குணத்தில் தங்கமானவர். அதனால்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். மியூசியத்தில் ஒரு ஹாலில் ஏ.சி. ஓடுகிறது, கூலிங் இல்லை. இவனுக்குப் பதில் வரவேண்டிய மெக்கானிக் இன்னும் ஊரிலிருந்து வந்து சேரவில்லை. போய்ப் பார்த்தால் அரை மணி நேர வேலை. ஜாப் கார்டில் அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தால் லீவு பேப்பரைக் கையில் கொடுத்து, கம்பெனி வண்டியிலேயே ஏர்போர்ட்டில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். கார்மேகம் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டான். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவனுக்கே தெரியவில்லை.

அவன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. மணப்பெண் சந்தியாவுக்கு இதற்கு முன்பே ஒரு கல்யாணம் பத்திரிகை அடித்த பிறகு நின்றிருக்கிறது. குவைத் மாப்பிள்ளை. ஆள் வரவில்லை, மெசேஜ் மட்டும் வந்தது. கார்மேகமும் யோக்கியன் இல்லை. கோடையில் ஏ.சி.காரனுக்கு ஏதடா லீவு என்று கம்பெனி சொன்னபோது தலையை ஆட்டிவிட்டு, ஒரு முறை தேதியைத் தள்ளிவைத்தவன்தான். இன்னொரு முறையும் வெளிநாட்டு மாப்பிள்ளை வராமல் போனால் அந்தப் பெண் தெருவில் நடக்க முடியாது. அவள் அழுகிற ரகமும் இல்லை, இரண்டே வார்த்தையில் பேச்சை முடித்துவிடுவாள்.

மியூசியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். ஐரோப்பியக் கலை இடைக்காலத்திலிருந்து இன்றுவரை வளர்ந்த கதையை ஒரே கூரையின் கீழ் காட்டுவதற்காக, கலையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் முதலீடு செய்திருந்த ஒரு தனியார் குழுமம் அதைக் கட்டியிருந்தது. உள்ளே இருக்கும் படங்கள் எல்லாம் நகல்கள். ஆனால் நகல் என்று சொல்வது அங்கே விதிமீறல், ‘மறுபிறவி’ என்று சொல்லவேண்டும். முதல் ஹால் இடைக்காலம், கடைசி ஹால் நவீனம். நடுவில் ஒவ்வொரு நூற்றாண்டுக்கும் ஒரு கதவு, ஒவ்வொரு கதவுக்கும் ஒரு காவலாளி, ஒவ்வொரு காவலாளிக்கும் ஒரு வாக்கி டாக்கி. கூலிங் இல்லாதது நவீன ஹாலில்.

வரவேற்பு மேஜையில் சப்ரீனா இருந்தாள். கொழும்புப் பக்கத்துப் பெண், சிரித்த முகம். ஏ.சி. வேலை, நவீன ஹால், கல்யாணத்துக்கு இன்றைக்கு ஊருக்கு ஃபிளைட், நேரே போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றான் கார்மேகம்.

“நேர போக ஏலாது” என்றாள் சப்ரீனா. முடியாது என்பதை அவள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவள் சொல்லும்போது அது அவ்வளவு கெட்ட செய்தியாகத் தோன்றுவதில்லை. “உங்கட ஹெல்மெட்டுல ஸ்டிக்கர் இல்லையே. இண்டக்‌ஷன் ட்ரெய்னிங் எடுக்கோணும். சார் வருவார், இரிங்க.”

சார் வந்தார். பெயர் விஜயபாஸ்கர், ஊர் கோயம்புத்தூர். கோட்டு, டை, அதற்கு மேல் பச்சை நிறச் சேஃப்டி ஜாக்கெட். ருவைஸில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் சேஃப்டி ஆபீசராக இருந்தவரைக் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துவந்து ‘கலைப் புரிதல் மற்றும் பாதுகாப்பு மேலாளர்’ ஆக்கியிருந்தார்கள். படங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். ஒவ்வொரு படத்திலும் என்ன அபாயம் இருக்கிறது என்று அவருக்கு அத்துப்படி.

“தம்பி, ருவைஸ்ல நான் இருந்த வரைக்கும் ஒருத்தன் மேல ஒரு கீறல் விழுகலீங்க” என்று அவர் ஆரம்பித்தார். “இங்க எனக்குக் குடுத்த டார்கெட் ஒண்ணே ஒண்ணு. உள்ள வந்தவன் ஒருத்தனும் கலையைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு வெளிய போகக் கூடாது. போன வருசம் ஒரு அம்மா பதினேழாம் நூத்தாண்டுப் படத்தைப் பார்த்து, பதினஞ்சாம் நூத்தாண்டுன்னு சத்தமாச் சொல்லிப்போட்டாங்க. பக்கத்துல குழந்தைங்க இருந்துச்சுங்க. ஹாலையே மூடி வெச்சு விசாரிச்சோம். அதுக்கப்புறம் ரூல் போட்டாச்சு. இருபதாம் நூத்தாண்டுக்குப் போகோணும்னா பதினாலாம் நூத்தாண்டுல இருந்து வரிசையாப் பாஸாகி வரோணும். வரலாறு ஒன் வே. எலக்ட்ரீசியனா இருந்தாலும் சரி, எம்.டி.யா இருந்தாலும் சரி.”

எம்.டி. பாஸாகிவிட்டாரா என்று கார்மேகம் கேட்டான். குத்தலாகக் கேட்கவில்லை, எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடுவதற்காகக் கேட்டான். எம்.டி. இன்னும் முதல் ஹாலைத் தாண்டவில்லை, ஆனால் அங்கே அவருக்கு நாற்காலி போட்டிருக்கிறது என்று பதில் வந்தது.

இடைக்கால ஹாலின் கதவில் டூல் பாக்ஸைத் திறந்து காட்டச் சொன்னார்கள். டிரில் மெஷின், மல்டி மீட்டர், டார்ச் எல்லாவற்றையும் விஜயபாஸ்கர் எடுத்து ஒரு தட்டில் வைத்தார். இடைக்காலத்தில் மின்சாரம் கிடையாது, இவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கதவில் திருப்பித் தரப்படும் என்றார். ஸ்பேனரை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது அப்போதும் இருந்திருக்கலாம் என்று விட்டுவிட்டார். செல்போனை யாரும் தொடவில்லை. செல்ஃபி எண்ணிக்கைக்கும் ஒரு டார்கெட் இருந்தது.

உள்ளே எங்கு பார்த்தாலும் தங்க நிறம். படங்களில் நிழல் இல்லை, தூரம் இல்லை, பின்னால் மலையோ மரமோ இல்லை. எல்லோரும் நேரே பார்த்தபடி அசையாமல் நின்றார்கள். நடுவில் ஒருவர் மட்டும் பிரம்மாண்டமாக இருந்தார், சுற்றி நின்றவர்கள் அவருடைய முழங்கால் உயரம்கூட இல்லை. ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒருவன் கைகூப்பிக் கிடந்தான். படத்துக்குப் பணம் கொடுத்தவன் அவன்தானாம். மறைந்த ஸ்பீக்கர்களில் துறவிகள் பாடிக்கொண்டிருந்தார்கள். கார்மேகம் சுவரோரம் சாய்ந்தபோது தங்கத் திரைக்குக் கீழே சிவப்பாக ஏதோ ஒரு கைப்பிடி தெரிந்தது. தொழில் புத்தி, கண் அங்கே போனது. விஜயபாஸ்கர் தொண்டையைக் கனைத்ததும் திரும்பிக்கொண்டான்.

பரீட்சை வாய்மொழிதான். நடுவில் இருப்பவர் ஏன் பெரிதாக இருக்கிறார் என்று கேட்டார் விஜயபாஸ்கர்.

“கிட்டத்துல நிக்கிறாரு சார். மத்தவங்க தள்ளி நிக்கிறாங்க.”

விஜயபாஸ்கர் முகத்தைச் சுளித்தார். “தப்பு. தூரம்ங்கறதையே இன்னும் கண்டுபிடிக்கலீங்க தம்பி, அது அடுத்த ஹால். அவரு பெரியவரு, அதனால பெரிசா இருக்காரு. சின்னவன் சின்னதா இருக்கான். அவ்வளவுதான் இடைக்காலம்.”

கார்மேகம் அதை அப்படியே திருப்பிச் சொன்னான். ஒரு தடவை இல்லை, முழு ஸ்லைடு வரிசையையும் மறுபடி ஓட்டிக் காட்டிய பிறகு சொன்னான். பிறகு கடைசிக் கேள்வி வந்தது. இடைக்காலம் முடிந்துவிட்டதா, இல்லையா?

“முடிஞ்சிருச்சு சார்” என்றான் கார்மேகம். எதையாவது முடித்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு. விஜயபாஸ்கர் முதல்முறையாகச் சிரித்து, அவன் ஹெல்மெட்டில் தங்க நிற ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்.

மறுமலர்ச்சி ஹாலின் கதவில் ஒரு காவலாளி சேஃப்டி பெல்ட்டுடன் காத்திருந்தான். உயரத்தில் வேலை செய்பவர்கள் இடுப்பிலும் தோளிலும் மாட்டிக்கொள்வார்களே, அந்த பெல்ட். ஹாலிலோ ஒரு ஸ்டூல்கூட இல்லை, வழவழப்பான சமதரை. எதற்கு இது என்று கார்மேகம் கேட்டான்.

“இந்தக் காலத்துலதானுங்க படத்துக்குள்ள ஆழம் வந்துச்சு” என்று விஜயபாஸ்கர் விளக்கினார். “அந்தத் தெருவைப் பாருங்க. கோடெல்லாம் உள்ள போயிட்டே இருக்குது, கடைசியில ஒரு புள்ளியில போய் மறையுது. அந்த மாதிரி ஒரு ஆழம் ருவைஸ்ல இருந்தா சுத்தி வேலி போடாம விடுவேனா நான்? பெல்ட் மாட்டாம பார்வையைக் கூட உள்ள விடக்கூடாது.”

மாட்டினார்கள். பெல்ட்டின் கொக்கியைச் சுவரில் ஒரு வளையத்தில் கோத்து, தரையில் குறித்திருந்த பாத அடையாளத்தில் அவனை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோடுகள் மறையும் புள்ளியைக் காட்டச் சொன்னார்கள். அவன் காட்டினான். அவன் காட்டியது பக்கத்துப் படத்தில் இருந்த ஒருவருடைய மூக்கு. மறுபடி காட்டச் சொன்னார்கள். இப்போது கன்னம். மூன்றாவது முறை கை நீட்டியபோது மறுமலர்ச்சிக்கு மதிய உணவு இடைவேளை விட்டுவிட்டார்கள். விஜயபாஸ்கரும் காவலாளியும் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள், கொக்கியைக் கழற்ற மறந்துவிட்டார்கள். கொக்கியின் பூட்டு அவன் முதுகுப் பக்கம் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

“எங்க இருக்கீங்க?” என்றாள் சந்தியா.

பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. “மறுமலர்ச்சிக் காலத்துல” என்றான்.

“அது எங்கிட்டு இருக்கு? ஏர்போர்ட்டுக்குப் போற வழியா?” என்று கேட்டாள்.

வழிதான், நடுவில் இன்னும் சில நூற்றாண்டுகள் இருக்கின்றன என்று அவன் சொன்னான். குடித்திருக்கிறீர்களா என்று அவள் கேட்டாள். இல்லை, சுவரில் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்றான். அவள் போனை வைத்துவிட்டாள். இருட்டில் போன் வெளிச்சத்தைப் பிடித்தபடி கார்மேகம் எதிரே இருந்த தெருப் படத்தைப் பார்த்தான். அந்தத் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. அப்படியே உள்ளே இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

இடைவேளை முடிந்து வந்தவர்கள், இவ்வளவு நேரம் அசையாமல் நின்று ரசித்தவன் என்று குறிப்பெழுதிப் பாஸ் போட்டுவிட்டார்கள்.

அடுத்தது பரோக். அரசர்களும் திருச்சபையும் போட்டி போட்டுக்கொண்டு ஓவியர்களுக்குக் காசை அள்ளி வீசிய காலம். படம் முழுக்க இருட்டு, ஒரு முகத்திலோ ஒரு வாளிலோ மட்டும் பளீரென்று வெளிச்சம். இருட்டு இருப்பதால் தனியாகப் போகக்கூடாது, துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்பது விதி. துணையாகக் கொடுத்த ஆள் ஒரு பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அஜ்மானில் குடியிருக்கும் ஆடிட்டர் முத்துராமன். வருடாந்திரப் பாஸ் வாங்கிக் குடும்பத்தோடு வந்தவர். மனைவி நளினியும் மகள் தாரிணியும் எப்போதோ பாஸாகி அடுத்த ஹாலுக்குப் போய்விட்டார்களாம். இவர் மட்டும் வாரா வாரம் வந்து இங்கேயே தோற்றுக்கொண்டிருக்கிறார்.

“வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு கேக்கறா சார். ஜன்னல்னு சொன்னேன், தப்புன்னா. கடவுள்னு சொன்னேன், அதுவும் தப்புன்னா. என்னதான் சொல்றது?” என்று அவர் கார்மேகத்தையே சார் போட்டுக் கேட்டார். அவர் போனில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து மகள் அனுப்பிய குரல் செய்தி ஒலித்தது. டாடி, ஹரி அப், ஐ ஆம் ஸோ போர்ட் என்றது.

கார்மேகத்தைக் கேட்டபோது அவன் மேலே கையைக் காட்டினான். படத்தைக் காட்டவில்லை, கூரையில் ஒரு ஸ்பாட் லைட் கழன்று தொங்கிக்கொண்டிருந்ததைக் காட்டினான். அந்த ஹாலின் பயிற்சியாளர் பரவசமாகி, சரியான பதில், மேலிருந்து, மேலிருந்துதான் என்று இருவருக்கும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். முத்துராமன் கார்மேகத்தின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுக் குடும்பத்தை நோக்கி ஓடினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாசலில் டிரில் மெஷினைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன் முன்பகுதி ரொமான்டிக் காலம். புயலில் உடையும் கப்பல்கள், மலை உச்சியில் தனியாக நிற்கும் மனிதர்கள், எல்லாமே பொங்கி வழியும் உணர்ச்சி. இங்கே கேள்வி கிடையாது. பார்ப்பவனின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி நாடித்துடிப்பை அளப்பார்கள். குறிப்பிட்ட அளவுக்கு ஏறினால்தான் அடுத்த கதவு திறக்கும். கார்மேகம் கப்பலைப் பார்த்தான், அலையைப் பார்த்தான். ஊரில் அவன் அப்பாவுக்குப் படகு உண்டு, இதைவிட மோசமான அலையையெல்லாம் பார்த்தவன். நாடி இம்மிகூட நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மறுபடியும் போன் அடித்தது.

“மண்டபத்துல பந்தல் போட்டுட்டாங்க” என்றாள் சந்தியா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வரலைன்னா வரலைன்னு இப்பவே சொல்லிருங்க. அங்கிட்டு உக்காந்துக்கிட்டு வந்துருவேன் வந்துருவேன்னு சொல்லாதீங்க. நான் மாலையப் போட்டுக்கிட்டு மேடையில உக்காந்து போனைப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்.”

“வாரேன் சந்தியா. செத்தாலும் வாரேன்.”

“செத்து வரவேணாம். உசுரோட ஃபிளைட்ல ஏறிட்டு மெசேஜ் போடுங்க.”

கிளிப் கூவியது. சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு எல்லாம் சேர்ந்து எரிந்தன. ரொமான்டிக் காலத்தை இவ்வளவு வேகமாகக் கடந்தவர் இதுவரை யாருமில்லை என்று கதவருகே இருந்த திரையில் அவன் பெயர் ஓடியது. அவன் அதை நின்று பார்க்கவில்லை. அதை அடுத்து வெட்டவெளியில் போய் வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியாகத் தீட்டியவர்களின் பகுதி இருந்தது. கிட்டே போனால் புரியாது, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று கண்ணை இடுக்கிப் பார்க்கவேண்டும் என்றார்கள். அவன் கண்ணை இடுக்கிக்கொண்டே ஓடினான். ஓடுவதும் விதிமீறல்தான், ஆனால் கண்ணை இடுக்கியிருந்ததால் விட்டுவிட்டார்கள்.

கடைசியில் நவீன ஹால். கதவைத் திறந்ததும் அடுப்படி மாதிரி அனல் அடித்தது. வாசலிலேயே பலகை ஒன்று தொங்கியது. ‘இதுவரை நீங்கள் கலையைப் புரிந்துகொண்டீர்கள். இனி புரிந்துகொள்வது தடை செய்யப்பட்டுள்ளது. புரிந்துவிட்டது என்று கூறுவோர் மறுபயிற்சிக்காக உடனடியாக இடைக்கால ஹாலுக்குக் கொண்டுசெல்லப்படுவர்.’

உள்ளே ஒரு மூக்கு பக்கவாட்டிலும் இரண்டு கண் நேரேயும் உள்ள பெண், வர்ணத்தைக் கொட்டியது போல் ஒரு துணி, முழுக்க வெள்ளையாக ஒரு சட்டம். அந்தச் சட்டத்துக்கு முன்னால் கோட்டு சூட்டு போட்ட முதலீட்டாளர்கள் கும்பலாக நின்று வியர்த்து வழிந்தார்கள். கோட்டைக் கழற்ற ஒருவருக்கும் தைரியமில்லை. புழுங்குகிறது என்று சொன்னால் அது படத்தைப் பற்றிய அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளப்படுமோ என்ற அச்சம் எல்லோர் முகத்திலும் இருந்தது. தலைமைக் காப்பாட்சியர் நாகவள்ளி, பட்டுச் சேலையில், கைக்குட்டையால் நெற்றியை ஒற்றியபடி பேசிக்கொண்டிருந்தார்.

“கலை முதலில் திருச்சபையிடமிருந்து விடுதலை பெற்றது. பிறகு அரசரிடமிருந்து. பிறகு இயற்கையிடமிருந்து, பிறகு உருவத்திடமிருந்து. கடைசியாகப் பார்வையாளரிடமிருந்தும் விடுதலை பெற்றுவிட்டது என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். போன மாதம் இந்த ஹாலுக்கு வந்து சேர்ந்தவர்கள் மிக மிகக் குறைவு. இந்த மாதம் இன்னும் குறைவு. நீங்கள் மனதுவைத்துக் கூடுதல் நிதி ஒதுக்கினால், யாருமே வந்து சேர முடியாத நிலையை எட்டிவிடலாம். உலகில் எந்த அருங்காட்சியகமும் எட்டாத தூய்மை அது.”

முதலீட்டாளர்கள் கைதட்டினார்கள். கொஞ்சம் காற்றும் வரும் என்பதால் நன்றாகவே தட்டினார்கள்.

கார்மேகம் ஹாலின் மூலையில் கிடந்த ஏணியைப் போட்டு ஏறி, கூரைத் தகட்டைக் கழற்றினான். ஃபேன் சுற்றுகிறது. ஃபில்டர் சுத்தம். குழாயைத் தொட்டுப் பார்த்தான், வெதுவெதுவென்று இருந்தது. குளிர்ந்த தண்ணீர் வரவேயில்லை. வழியில் எங்கோ வால்வை மூடியிருக்கிறார்கள். வழி என்றால் குழாய் வந்த வழி. அது நூற்றாண்டுகளின் தலைக்கு மேலேயே ஊர்ந்து பின்னால் போய், முதல் ஹாலில்தான் இறங்குகிறது. தங்கத் திரைக்குக் கீழே கண்ட சிவப்புக் கைப்பிடி அவன் நினைவுக்கு வந்தது.

விஜயபாஸ்கரைக் கூப்பிட்டு விவரம் சொன்னான். ஆமாம், அதைத் தான்தான் மூடச் சொன்னதாக அவர் ஒப்புக்கொண்டார். தண்ணீர் ஓடுகிற இரைச்சல் துறவிகளின் பாட்டைக் கெடுத்ததாம்.

“அப்ப வாங்க சார், போய்த் திறந்துட்டு வந்துருவோம். ஒரு நிமிச வேலை.”

“பின்னால போக முடியாதுங்க தம்பி. வரலாறு ஒன் வே. நீங்க வெளிய போயி, புதுசா ஜாப் கார்டு போட்டு, இடைக்காலத்துக்குத் தனியா பெர்மிட் எடுத்துட்டு வாங்க. நாளைக்கு எனக்கு லீவு. நாளன்னைக்கு வாங்க.”

நாளன்னைக்குத்தான் முகூர்த்தம். கார்மேகத்துக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. இந்தக் கோட்டு போட்ட மனிதரைத் தூக்கி வர்ணம் கொட்டிய துணிமேல் எறியவேண்டும் போலிருந்தது. ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு திரும்பியபோதுதான் வாசல் பலகை மறுபடி கண்ணில் பட்டது. அவன் ஏணியிலிருந்து இறங்கி, டூல் பாக்ஸோடு முதலீட்டாளர்களை விலக்கிக்கொண்டு நேரே போய் அந்த வெள்ளைச் சட்டத்துக்கு முன்னால் நின்றான். மூச்சை இழுத்துக்கொண்டான்.

“எனக்குப் புரிஞ்சிருச்சு” என்றான்.

நாகவள்ளியின் கைக்குட்டை நெற்றியிலேயே நின்றது. தமிழ் தெரியாதவர்களுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்களில் இரண்டு பேர் பின்வாங்கினார்கள்.

“என்ன புரிந்தது?” என்று கேட்டார் நாகவள்ளி, மெல்ல.

“எல்லாமே புரிஞ்சிருச்சும்மா. அந்த மூக்கும் புரிஞ்சிருச்சு.”

அடுத்த கணம் காவலாளிகள் இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்துவிட்டார்கள். விஜயபாஸ்கர் வாக்கி டாக்கியில் கத்திக்கொண்டே முன்னால் ஓடினார். சுவரில் ஒரு கதவு திறந்தது. நவீனத்திலிருந்து இடைக்காலத்துக்குப் போக ஒரு குட்டி நடைபாதைதான் இருந்தது. கூப்பிடு தூரம். அவனைக் கொண்டுபோய்த் தங்கச் சுவரோரம் உட்காரவைத்து, ஸ்லைடு போடும் கருவியை எடுத்துவர அவர்கள் திரும்பியபோது, அவன் திரைக்குள் கையை விட்டுக் கைப்பிடியைத் திருகினான். வால்வு இறுகிக் கிடந்தது. இடைக்காலத்திலும் இருந்திருக்கலாம் என்று அனுமதித்த ஸ்பேனரால் ஒரு நெம்பு நெம்பினான். தலைக்கு மேலே தண்ணீர் இரைந்து ஓடும் சத்தம் கேட்டது. துறவிகளின் பாட்டு அதில் அமுங்கிப்போனது. அவன் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சத்தத்தைக் கேட்டதில்லை.

வேலை முடிந்தது, கையெழுத்துப் போடுங்கள் என்று ஜாப் கார்டை நீட்டினான். விஜயபாஸ்கர் கார்டையும் பார்த்தார், சுவரையும் பார்த்தார்.

“இந்த ஹால்ல யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க தம்பி. இடைக்காலத்து ஓவியனே படத்துல பேரு போட்டதில்லை. நான் போட்டா அது காலப் பிழை ஆயிப்போகும்.”

கார்மேகத்தின் போன் அடித்தது. ஃபோர்மேன். மியூசியத்திலிருந்து ஒரு கம்ப்ளெயின்ட் வந்திருக்கிறது என்றார். நவீன ஹாலில் திடீரென்று குளிர்கிறதாம், முதலீட்டாளர்கள் நடுங்குகிறார்களாம், உடனே ஆள் அனுப்பவேண்டுமாம். குளிர்கிறது என்று எழுத்து மூலமாகவே சொல்லிவிட்டார்கள், இனி கையெழுத்து எதற்கு, வேலை முடிந்தது, கலாஸ், வண்டி உன் பெட்டியோடும் லீவு பேப்பரோடும் வாசலில் நிற்கிறது, யல்லா, கிளம்பு என்றார் அந்தத் தங்கமான மனுஷர்.

கார்மேகம் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு, அம்புக்குறிகளுக்கு எதிராக, வந்த கதவு வழியாகவே ஓடினான். பின்னால் விஜயபாஸ்கர் துரத்திவந்தவர் வாசல்படியில் நின்றுவிட்டார். அந்தக் கதவு வழியாக வெளியேறுவது அவரே போட்ட விதிப்படி குற்றம்.

வரவேற்பு மேஜையைத் தாண்டும்போது சப்ரீனா எழுந்து நின்றாள். “வாற வாசலால வெளிய போக ஏலாது” என்று சத்தமாகச் சொன்னாள். பிறகு கதவு திறக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, நகத்தைப் பார்த்தபடி, “நான் ஒண்டும் காணல்ல. கலியாணத்துக்கு வாழ்த்துக்கள்” என்றாள்.

ஃபிளைட்டில் அவன்தான் கடைசி ஆளாக ஏறினான். ஹெல்மெட் தலையிலேயே இருந்ததை ஏர் ஹோஸ்டஸ் சொல்லித்தான் கவனித்தான். ஏறிட்டேன் என்று மெசேஜ் போட்டான். சரி என்று ஒரு வார்த்தை வந்தது. கொஞ்சம் கழித்து, சாப்டீங்களா என்று இன்னொரு வார்த்தை வந்தது. அதற்கப்புறம்தான் அவனுக்கு மூச்சு சீரானது.

முகூர்த்தத்தன்று காலையில், தாலி கட்டி முடிந்து, இருவரும் மண்டப வாசலுக்கு வந்து நின்றார்கள். சந்தியா அவன் கையைப் பிடித்திருந்த பிடியில், இனி விடுகிற உத்தேசம் தெரியவில்லை. போட்டோக்காரர் ஃப்ளெக்ஸ் பேனருக்கு முன்னால் நிற்கச் சொன்னார். கார்மேகம் அண்ணாந்து பார்த்தான். மண்டபத்தின் உயரத்துக்குப் பேனர். பின்னணி முழுக்கத் தங்க நிறம். நடுவில் கட்சித் தலைவர் பிரம்மாண்டமாக, நிழலில்லாமல், நேரே பார்த்தபடி நின்றார். அவருடைய இடுப்பு உயரத்தில் மாவட்டச் செயலாளர், முழங்கால் உயரத்தில் ஒன்றியம், கணுக்காலில் கிளைச் செயலாளர்கள் வரிசை. கீழே ஒரு மூலையில், குண்டூசித் தலை அளவுக்கு, பேனருக்குப் பணம் கொடுத்த மாமனார் கைகூப்பிக் கிடந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னும் சிறிதாக இரண்டு முகங்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தபோதுதான் அது தானும் சந்தியாவும் என்று தெரிந்தது.

“என்ன அப்படிப் பாக்குறீங்க?” என்றாள் சந்தியா.

“ஒண்ணுமில்ல. இடைக்காலப் பரீட்சையில கடைசிக் கேள்விக்குத் தப்பாச் சொல்லிட்டேன்” என்றான் கார்மேகம். “அதுக்கும் சரின்னு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாங்க.”